சேலத்திலிருந்து 3 நாள்: ஏற்காடு நடையும் காவிரிப் பரிசலும், எந்த வரிசையில் போகலாம்?

அஸ்தம்பட்டி கவி:

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு கைவசம் இருக்கு. சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வர்றாங்க. மொத்தம் 5 பேர்: பெரியவங்க 3, 10 வயசுப் பையன், 63 வயசு அப்பா. அப்பாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் ரெண்டு மூணு கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு ஆகாது. ஒரு கார். மூணு ராத்திரியும் சேலத்துல வீட்லதான் தங்கல்.

ஒரு நாள் ஏற்காட்டுல நல்ல நடை வேணும். மிச்ச ரெண்டு நாளும் பரிசலுக்கு. ஒகேனக்கல்ல ஒரு சுத்து சுத்திட்டு மீன் சாப்பிட்டு வர்றதோட முடிச்சுக்க விருப்பமில்லை. பரிசல் எப்படிக் கட்டுறாங்க, எப்படி ஓட்டுறாங்க, இன்னிக்கும் ஜனங்க அன்றாடப் போக்குவரத்துக்கு எங்க பயன்படுத்துறாங்க, இதெல்லாம் பையனுக்குக் காட்டணும்.

எந்த நாள் எங்க போறது? தண்ணி அதிகமா இருந்து பரிசலை நிறுத்திட்டா என்ன செய்யறது? பாதுகாப்புக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

கொளத்தூரான்:

கவி, முதல்ல தண்ணியப் பாருங்க, அப்புறம் நாளப் பிரிங்க. மூணு நாள்ல மலை மாறப் போறதில்ல, ஆறு மாறலாம். அதனால வெள்ளி ஒகேனக்கல், சனி மேட்டூர் நீர்த்தேக்கம், ஞாயிறு ஏற்காடு. வெள்ளிக்கிழமை தடைன்னா அன்னிக்கே மலை ஏறிடுங்க, ஒகேனக்கல்லை ஞாயிறுக்குத் தள்ளுங்க. ஏற்காட்டை முதல் நாள் வெச்சுட்டா இப்படி மாத்திக்க இடமிருக்காது.

தண்ணி நிலவரம் பாக்குறது சுலபம். தமிழ்நாட்டு எல்லையில பிலிகுண்டுலுவுல மத்திய நீர்வள ஆணையம் காவிரி வரத்தை அளக்குது. அந்தக் கணக்கும், மேட்டூர் அணையோட காலை 8 மணி நிலவரமும் தினமும் செய்தியில வரும். 'விநாடிக்கு இத்தனை கனஅடி'ங்கிறதைக் கவனிங்க. ஒரு கனஅடி 28.3 லிட்டர். அப்போ 10,000 கனஅடின்னா விநாடிக்கு ரெண்டே முக்கால் லட்சம் லிட்டருக்கு மேல, அதுவும் பாறை இடுக்கு வழியா. சில ஆயிரத்துல இருந்தா வழக்கமா பரிசல் ஓடும். பத்தாயிரக் கணக்குல ஏறினா மாவட்ட நிர்வாகம் நிறுத்திடும். ஒரு நாள் எண்ணை மட்டும் பாக்காதீங்க, நாலஞ்சு நாள் எண்ணை வரிசையாப் பாருங்க. ஏறுமுகமா இருந்தா எண்ணு சின்னதா இருந்தாலும் யோசிங்க. கபினியிலயும் கிருஷ்ணராஜ சாகர்லயும் திறந்த தண்ணி வந்து சேர ஓரிரு நாள் ஆகும், அதனால கர்நாடகா அணைச் செய்தியும் உங்களுக்கு முன்னறிவிப்புதான். ஜனவரியில பெருவெள்ளம் அபூர்வம். ஜூலை, ஆகஸ்ட்ல கேட்டிருந்தா வேற பதில் சொல்லியிருப்பேன்.

இனி சனிக்கிழமை. நீங்க கேட்ட 'அன்றாடப் போக்குவரத்து' மேட்டூர் நீர்த்தேக்கத்துலதான் இருக்கு. 1934-ல அணை கட்டி முடிஞ்சு தண்ணி தேங்கினதும் பழைய ஊர்களும் பாதைகளும் முழுகிப் போச்சு. அதுக்கப்புறம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகுதான் வழி. சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் எதிர்க்கரையில தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும் இடையில துறை இருக்கு; கோட்டையூர், ஒட்டனூர் துறையும் அப்படித்தான். ஜனங்க, மூட்டை, மோட்டார் சைக்கிள் எல்லாம் அக்கரைக்குப் போகும். இப்ப அதுல பெரும்பாலும் விசைப்படகு. மூங்கில் பரிசலும் ஃபைபர் பரிசலும் மீன்பிடிக்கத்தான் அதிகம்.

வழி: ஓமலூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர், பண்ணவாடி. சேலத்திலிருந்து மேட்டூர் சுமார் 50 கி.மீ. விடியற்காலையில கிளம்புங்க. சாயங்காலம் வலை விட்டவங்க காலையில எடுத்துட்டுக் கரைக்கு வருவாங்க. கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் எடை போடுறதையும், பரிசலைத் தலைகீழாக் கவுத்துக் காய வைக்கிறதையும் அப்போதான் பாக்க முடியும். 10 மணிக்கு மேல போனா கரையில வெறும் பரிசல்தான் கிடக்கும்.

பண்ணவாடியில முழுகின ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் இருக்கு. அணையோட முழு மட்டம் 120 அடி. மட்டம் 80 அடிவாக்குல வந்தாத்தான் கோபுரம் தலைகாட்டும், 70-க்குக் கீழ போனாத்தான் நந்தி முழுசாத் தெரியும். மழை நல்லா பெஞ்ச வருசத்து ஜனவரியில ரெண்டும் தண்ணிக்குள்ளதான். பையன்கிட்ட முன்கூட்டியே ஆசை காட்டி வைக்காதீங்க.

பென்னாகரத்துக்காரி:

ஒகேனக்கல் பற்றி நான் சேர்க்கிறேன். சேலத்திலிருந்து தருமபுரி, பென்னாகரம் வழியாக வரலாம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் கூட்டத்துக்கு முன் துறைக்கு வந்துவிடலாம். திரும்பும்போது தொப்பூர் கணவாயில் நிதானம் வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் பக்கம் நீண்ட இறக்கம், லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது அங்கே வாடிக்கை. இருட்டுவதற்குள் அதைத் தாண்டிவிடுங்கள்.

சீட்டு கொடுக்கும் இடத்தில் கட்டணப் பலகையும், ஒரு பரிசலுக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் இருக்கும். 5 பேருக்கு ஒரே பரிசல் போதுமா, இரண்டு வேண்டுமா என்பதை அங்கேயே முடிவு செய்து, சீட்டை வாங்கிக்கொண்டு துறைக்கு இறங்குங்கள். வழியில் வந்து பேரம் பேசுகிறவர்களுடன் போனால் எந்தத் தடம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நடுவழியில் தகராறாகும். ஏறும் முன்பே கேட்க வேண்டியது இரண்டு: எங்கிருந்து எங்கே, இடையில் இறங்கி நடக்க வேண்டுமா. நீர் குறைவாக இருக்கையில் சில இடங்களில் பயணிகளை இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு பாறையைக் கடப்பார்கள். பையனுக்கு அது திருவிழா. அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது, இறங்காத தடமாகக் கேட்டு வாங்குங்கள்.

தடை என்பது ஒரே வகை அல்ல. அருவியில் குளிக்க மட்டும் தடை இருக்கும், பரிசல் ஓடும். சில நாள் இரண்டும் இருக்காது. செய்தியில் 'தடை' என்ற சொல்லைப் பார்த்ததும் பயணத்தைக் கைவிடாமல், எதற்குத் தடை என்று வாசியுங்கள்.

ஏறும் முறை முக்கியம். விளிம்பில் கால் வைத்து ஏறக் கூடாது. பரிசலோட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்க, காலை நேராக நடு அடித்தளத்தில் ஊன்றி, உடனே குந்தி உட்கார வேண்டும். எடை கூடியவர்கள் ஒருவருக்கொருவர் எதிர்எதிராக. படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் நடக்கிற தவறுகளில் மோசமானது. விளிம்பு நீர் மட்டத்துக்குத் தாழ்ந்து ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்தால், அந்தத் தண்ணீரே தாழ்ந்த பக்கம் ஓடி இன்னும் தாழ்த்தும். எழுந்து நிற்கவே வேண்டாம். பரிசலோட்டியைச் சுழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். அருவிக்கு அருகே அதைக் கேட்பது அவரைத் தொந்தரவில் மாட்டிவிடும் காரியம்.

கையை ஆற்றில் விட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்த ஆற்றில் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகைகள் விளையாட்டுக்கு வைத்தவை அல்ல. ஒகேனக்கல்லில் முதலைகளுக்கென வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது, பையனை அங்கே கூட்டிப் போங்கள்.

துடுப்பு:

பரிசல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கரையில் போய் நின்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூங்கிலை நீளவாக்கில் பிளந்து பிளாச்சுகளாக்குவார்கள். காய்ந்த மூங்கில் வளைக்கும்போது முறியும், ஈரப்பசையுள்ள பச்சை மூங்கில்தான் வேண்டும். பிளாச்சுகளைத் தரையில் பரப்பி, மூன்று திசையில் ஒன்றன் மேல் ஒன்றாக விட்டு எடுத்து முடைவார்கள். பின்னலைக் குனிந்து பாருங்கள், அறுகோணக் கண்கள் தெரியும். இரண்டு திசை மட்டும் முடைந்தால் மூலைவாக்கில் இழுத்தவுடன் சட்டம் சரிந்துவிடும். மூன்றாவது திசைப் பிளாச்சு அந்தச் சரிவைப் பூட்டுகிறது. ஆணி கிடையாது. அடித்தளம் முடிந்ததும் அதன் மேல் கல்லை ஏற்றி அழுத்திவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேலே வளைத்துப் பக்கச் சுவராக்குவார்கள். மேலே விளிம்பில் பல பிளாச்சுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டுவார்கள். வட்டத்தை விரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த விளிம்புதான். விளிம்புக் கட்டு தளர்ந்த பரிசலில் ஏறாதீர்கள்.

பிறகு வெளிப்புறத்துக்கு உறை. முன்பு மாட்டுத் தோல். இப்போது பிளாஸ்டிக் சாக்குகளைத் தைத்துப் போர்த்தி, மேலே காய்ச்சிய தாரைப் பூசுகிறார்கள். தார் அளவுக்கு மேல் சூடாக இருந்தால் சாக்கைச் சுருக்கிவிடும். ஆறிப்போனால் திட்டுத் திட்டாக நின்று பின்னர் உரியும். சாக்கு ஈரமாக இருந்தால் பூச்சு பிடிக்காது. அதனால்தான் தார் வேலையை வெயில் நாளில் செய்கிறார்கள். கோடை வெப்பத்தில் தார் இளகி ஒட்டும், நாள்பட வெடிக்கும், பாறை உரசிய இடத்தில் கிழியும். கவிழ்த்து வைத்த பரிசலின் அடியில் வெவ்வேறு கருமையில் திட்டுகள் தெரிந்தால் அவை ஒட்டுப் போட்ட இடங்கள். கைதேர்ந்தவர் மூங்கில் பிளாச்சு தயாராக இருந்தால் ஒரு நாளில் ஒரு பரிசலை முடித்துவிடுவார்.

ஒகேனக்கல் பரிசலின் விட்டம் சுமார் 7 முதல் 8 அடி. 7 அடி வட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பரப்பு 38.5 சதுர அடி. அது ஓர் அங்குலம் அமிழ்ந்தால் சுமார் 91 கிலோ நீரை விலக்கும். ஓட்டியோடு 6 பேர், தலைக்கு 60 கிலோ என்றால் 360 கிலோ. அதாவது நான்கு அங்குலம் போல அமிழ்ந்தாலே அத்தனை பேரையும் தாங்கிவிடும். அடித்தளம் விளிம்பைவிடக் குறுகல், பரிசலின் சொந்த எடையும் உண்டு என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடும். முழங்கால் ஆழமில்லாத பாறை நீரில் இது போவதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பையனைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூங்கில் பரிசல் பாறையில் மோதினால் உள்வாங்கித் திரும்பும். ஃபைபர் பரிசல் பராமரிப்பு குறைவு, ஆனால் அந்த நெகிழ்வு அதற்கு இல்லை. அதனால் பாறையில்லாத நீர்த்தேக்கத்தில் ஃபைபர் பரவியதில் நியாயம் இருக்கிறது.

ஓட்டும் முறை. பரிசலுக்கு முன், பின் கிடையாது, அடியில் நீரைப் பிடித்து நேராக நிறுத்தும் கட்டையும் கிடையாது. வழக்கமான படகு ஓட்டுவதுபோல் பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பரிசலோட்டி போகிற திசைப் பக்கமாக உட்கார்ந்து, ஒற்றைத் துடுப்பை முன்னால் நீட்டி, நீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். வலப்பக்க இழுப்பு ஏற்படுத்தும் சுழற்சியை அடுத்த இடப்பக்க இழுப்பு அழிக்கும். துடுப்பை நீரைவிட்டு எடுக்காமலே 8 என்று எழுதுவதுபோல் கொண்டுபோவார்கள். அவரது மணிக்கட்டைப் பாருங்கள்: துடுப்பின் முகம் ஒவ்வொரு திருப்பத்திலும் கோணம் மாறும்.

இந்த ஓடத்தின் வயதுக்கு ஒரு சாட்சி: 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், ஆற்றைக் கடக்க உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகக் கூடைபோல் வட்டமான படகுகள் இருந்ததையும், அவை 15, 20 பேரை ஏற்றியதையும், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போனதையும் எழுதிவைத்திருக்கிறார். அது துங்கபத்திரைக் கரை. காவிரியில் நீங்கள் ஏறப்போவதும் அதே கட்டுமானம்தான், தோலுக்குப் பதில் சாக்கு.

கட்டுகிறவரைப் பார்க்க நேர்ந்தால் முதலில் அனுமதி கேளுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் பேச வைத்தால் அவர் நாள் கூலியை மனத்தில் வைத்துப் பணம் கொடுங்கள். தார் கொதிக்கும் இடத்துக்குப் பையனை நெருங்க விடாதீர்கள்.

மலைக்காப்பி:

வரிசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஞாயிறு ஏற்காடு கூட்டம் தாங்காது. ஒகேனக்கல்லுக்காக ஏற்காட்டை ஞாயிறுக்குத் தள்ளலாம் என்பது சரிதான், ஆனால் அப்படியென்றால் 6 மணிக்கே அடிவாரம் தாண்டி, பிற்பகல் 2 மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். மாலையில் ஏரிச் சாலையில் வண்டி நகராது.

அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். பையனுக்குக் குமட்டல் வரும் என்றால் வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம்; முன் சீட்டில் உட்கார வையுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். குப்பனூர் வழிப் பாதை சுற்று, வளைவு குறைவு. கூட்ட நாளில் இறங்க அது நல்லது.

முதலில் நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். மலையின் உச்சி அதுதான், 1,600 மீட்டருக்கு மேல். கார் கோயில் வரை போகும், மேலே புல்வெளி அகலமாகச் சமமாக இருப்பதால் அப்பாவும் நடக்கலாம். கோயில் ஒரு குறுகலான குகை, குனிந்து போக வேண்டும். உள்ளே சேர்வராயனோடு காவிரியம்மனும் இருக்கிறாள். இரண்டு நாள் காவிரியில் இருந்துவிட்டு வருகிறவர்கள் அவளைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. அங்கிருந்து அப்பா காரில் வர, நடக்கிறவர்கள் சாலையோரமாகவே ஏரி வரை இறங்கலாம். ஐந்தாறு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். இருபுறமும் சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் மிளகுக் கொடி. ஜனவரி காப்பிப் பழம் பறிக்கும் பருவம், தோட்டத்துக்குள் இறங்காதீர்கள், அவை தனியார் நிலம். காட்டெருமை சாலையைக் கடந்தால் நின்றுவிடுங்கள். வண்டிக்குள் இருந்தால் ஹாரன் அடிக்காதீர்கள்.

கிளியூர் அருவி உங்கள் குழுவுக்கு ஜனவரியில் ஒத்து வராது. வடகிழக்கு மழை முடிந்து சில வாரங்களில் நீர் மெலிந்துவிடும், இறங்கும் பாதையோ படிக்கட்டும் வழுக்குப் பாறையும். அப்பா ஏரியில் இருக்கட்டும், மற்றவர்கள் நேரம் இருந்தால் போய் வாருங்கள்.

உண்மையான காட்டு நடை வேண்டுமானால் வனத்துறையின் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது, சேலம் மாவட்டப் பாதைகளும் உண்டு. வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறியவர்கள் சிக்கிய காட்டுத் தீ விபத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் காட்டுப் பாதையில் இறங்குவது விளையாட்டுக் காரியம் இல்லை. தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஜனவரி கடைசி வாரம் அதற்கு முன் என்பதால் இடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

ஏரியில் துடுப்புப் படகு எடுத்தால், முடிந்தால் பரிசல் நாட்களுக்கு அப்புறம் எடுங்கள். அங்கே இரண்டு துடுப்பு, போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். பரிசலில் எல்லாம் நேர்எதிர். பையனே வித்தியாசத்தைச் சொல்வான்.

அஸ்தம்பட்டி கவி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னும் மூணு சந்தேகம். பண்ணவாடியில லைஃப் ஜாக்கெட் கிடைக்குமா, சொந்தமா வாங்கணுமா? பையன் துடுப்புப் பிடிச்சுப் பாக்க வாய்ப்பு இருக்கா? பூலாம்பட்டியும் சேத்துக்கலாம்னு தங்கை சொல்றா, நேரம் போதுமா?

கொளத்தூரான்:

ஜாக்கெட்டை நம்பி வராதீங்க, பையனுக்காவது சொந்தமா வாங்கிடுங்க. வயசுக் கணக்குல வாங்காதீங்க, உள்பக்க லேபிள்ல எடை வரம்பு போட்டிருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. போட்டு எல்லாப் பட்டையும் இறுக்கினதுக்கப்புறம் தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு மேல தூக்குங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினா அது பெருசு, தண்ணியில தலைக்கு மேல கழண்டுடும். கால் இடுக்குப் பட்டை இருக்கிறதா பாத்து வாங்கினா இன்னும் நல்லது. ஒகேனக்கல்லுலயும் அதையே போட்டு விடுங்க; அங்க குடுக்கிறது பெரியவங்க அளவா இருந்துடும். ஃபோனுக்கு ஜிப் பை, எல்லாருக்கும் பின்பட்டை உள்ள செருப்பு. ஹவாய் செருப்பு சேத்துல மாட்டிக்கும்.

துடுப்பு பிடிக்கணும்னா கரையோரம், இடுப்பளவுக்கு மேல போகாத தண்ணியில, பரிசல்காரரும் கூட உக்காந்திருக்க, காத்து இல்லாத நேரத்துல மட்டும். 9 மணிக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க. மீனைக் கரை சேத்தப்புறம் கேட்டா மனசு வெச்சு ஒத்துக்குவாங்க, வலை எடுக்கப் போறவரை மறிச்சுக் கேக்காதீங்க. நீர்த்தேக்கத்துல மதியத்துக்கு மேல காத்து எழும்பினா அலை வரும். ஆத்து நீரோட்டத்தைவிட இந்த அலைதான் பரிசலுக்கு எமன், ஏன்னா விளிம்பு தாழ்வு. அக்கரை போறதா இருந்தா விசைப்படகுலயே போங்க, காலையிலயே போய்த் திரும்பிடுங்க.

பூலாம்பட்டி தாராளமா சேத்துக்கலாம், சனிக்கிழமை மதியத்துக்கு. மேட்டூர்ல சாப்பிட்டுட்டு எடப்பாடிப் பக்கமா வந்தா வீடு திரும்புற வழிதான். மேட்டூருக்குக் கீழ காவிரியில கதவணை கட்டித் தண்ணி தேக்கியிருக்காங்க, அதுல பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுது. மோட்டார் சைக்கிளோட ஏறுவாங்க, அப்பாவும் சிரமமில்லாம ஏறலாம். ஒண்ணு மட்டும் கவனம்: கதவணையில பராமரிப்பு வேலைக்காகத் தண்ணிய வடிச்சுட்டா படகு நின்னுடும். மேட்டூர்ல டெல்டாவுக்குத் திறக்கிற தண்ணிய வழக்கமா ஜனவரி 28-ல நிறுத்துவாங்க, உங்க தேதி அதை ஒட்டி வருது. மேட்டூர்ல இருக்கும்போதே யாரையாவது கேட்டுட்டுத் திரும்புங்க. படகு இல்லேன்னா எடப்பாடி வராம மேச்சேரி வழியிலயே வீட்டுக்குப் போயிடலாம்.